புறப்பாட்டுப் பத்திரத்தின் இரண்டாவது ஒப்பம்

1. இதை எழுதும் நான் கல்முனையில் தொழில் புரியும் சட்டத்தரணி. பாடசாலையில் உன்னுடன் ஒரே வாங்கில் இருந்தவன்.

2. நான் கண்டவற்றையும் நீ சொல்லிக் கேட்டவற்றையும் இம்மடலில் ஒன்றோடொன்று கலக்கமாட்டேன்.

நேற்று மாலை ஊரில் மின்சாரம் நின்றது. அலுவலகத்தில் விளக்கை ஏற்றியதும் மண்ணெண்ணெய் மணம் பரவ, நீ வந்து எதிரில் அமர்ந்தது போலிருந்தது. "பிளேனும் இதாலதான் ஓடுது தங்கச்சி, கொஞ்சம் சுத்தம் கூட, அவ்வளவுதான்" என்று என் மனைவி நஸீமாவிடம் ஒருமுறை சொன்னாய். "அப்ப எங்கட குப்பி விளக்குக்கும் நீங்கதான் கையெழுத்து வெக்கணும்" என்றாள் அவள்.

கையொப்பமே உன் தொழிலாக இருந்தது. பாதையையும் வானிலையையும் ஆராய்ந்து, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவதெனக் கணித்து, விமானத்தின் புறப்பாட்டுப் பத்திரத்தில் ஒப்பமிடும் தரை அதிகாரி நீ. விமானியும் அதில் ஒப்பமிடவேண்டும். இரண்டில் ஒன்று இல்லையெனில் சக்கரம் உருளாது. போகும் இடத்துக்கான எரிபொருள், எதிர்பாராததற்கென ஒரு சிறு பங்கு, அங்கு இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையம்வரை செல்வதற்கானது, அதன் பின்னும் அரைமணி நேரம் வட்டமிடுவதற்கானது: விதி கேட்பது ஏறக்குறைய இவ்வளவே. சுனாமிக்குப் பின்னர் நீ அதற்கும் மேலாக ஏற்றினாய். அருகிலுள்ள மாற்று நிலையத்தை விட்டுத் தூரத்திலுள்ளதை எழுதினாய்.

காரணத்தை நான் அறிவேன். கடல் வந்த காலையில் நீ கட்டுநாயக்க விமான நிலையத்தில் கடமையில் இருந்தாய். சாய்ந்தமருதில் உன் மனைவி உரிய நேரத்தில்தான் வீட்டைவிட்டு ஓடினாள். மிக அருகிலிருந்த, தாயின் தங்கையான சாச்சியின் வீட்டுக்குள் புகுந்தாள். அதுவும் அதே கடற்கரை வீதியில் இருந்தது. ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்து நீ சொன்னது இது மட்டுமே: "ரெண்டாவது இடமும் அதே தண்ணிக்குள்ள இரிந்திரிக்கி, மச்சான்."

போரின் இறுதிக் காலத்தில் உன் மேலாளர் முணுமுணுக்கத் தொடங்கினார். மேலதிக எரிபொருள் பாரம். பாரம் என்றால் செலவு. மற்றவர்கள் குறைத்தார்கள், நீ குறைக்கவில்லை. ஒரு நாள், வான் தாக்குதல் அச்சத்தால் தலைநகரின் விளக்குகள் அணைக்கப்பட்டு ஓடுபாதை மூடப்பட்டது. வந்துகொண்டிருந்த விமானங்கள் கடலுக்கு அப்பால் திரும்பின. அங்கே அருகிலிருந்த நிலையம் விரைவில் நிறைந்துவிட்டது. நீ கணித்த விமானம் அதையும் கடந்து, தூரத்து நிலையத்தில் பதற்றமின்றி இறங்கியது.

மறுநாள் உன்னை விசாரணைக்குக் கூட்டிச் சென்றார்கள்.

"உமக்கு எப்படித் தெரியும்?" கேள்வி அந்த ஒன்றே. கிழக்கிலிருந்து வந்த, தமிழ் பேசும் ஒருவன், பிறர் ஏற்றாத எரிபொருளை ஏற்றியிருக்கிறான். அவன் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் ஏற்றினான் என்று, உன் சட்டத்தரணியாகப் போய்ப் பழைய பத்திரங்களைக் காட்டினேன். "அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்திருக்கிறார்" என்றார் விசாரணை அதிகாரி. அத்தனை அமைதியாக ஒரு கதவு சாத்தப்படுவதை எந்த நீதிமன்றத்திலும் நான் கேட்டதில்லை.

"காரணத்த எழுதிக் குடு, மச்சான்" என்று உன்னிடம் கெஞ்சினேன்.

"என்னெண்டு எழுத?"

"அவட மௌத்த. கடல் அவளக் கொண்டு போனத."

நீ சுவரைப் பார்த்தாய். "அவள இதுக்குள்ள கொண்டு வராத. அதயும் இவனுகள் ரெண்டு தரம் கேப்பானுகள்." பிறகு என் முகத்தைக் கண்டு இலேசாகச் சிரித்தாய். "நீ லோயர்தானே? இல்ல, சும்மா கறுப்புக் கோட்டுக்கு ஆசப்பட்டு படிச்சியா?"

வழியைக் கண்டவன் நானல்ல. அந்த விமானத்தின் தலைமை விமானி, ஒரு சிங்களவர், எவரும் அழைக்காமலே வந்தார். அவர் கூறியதன் தமிழ் இது: "பத்திரத்தில் இரண்டு ஒப்பம் இருக்கின்றது. அளவை வாசித்து, சரியெனக் கண்டே நானும் இட்டேன். அவர் முன்னரே அறிந்திருந்தால் நானும் அறிந்திருந்தேன். எனக்கும் ஒரு கதிரை போடுங்கள்."

கதிரை போடப்படவில்லை. சில நாட்களில் நீ வெளியே வந்தாய். விடுவித்தார்கள், குற்றமற்றவன் என்று எங்கும் எழுதவில்லை. விமான நிலையத்துள் நுழையும் அனுமதி அட்டை உனக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

போர் முடிந்த அன்று வீதியில் பட்டாசு வெடிக்க, என் அலுவலக வாசலில் வந்து நின்றாய்.

"முடிஞ்சிட்டாம்" என்றேன்.

"ஓம். இனி எல்லாரும் போற இடத்துக்கு மட்டும்தான் எண்ணெய் ஊத்துவாங்க."

அதன் பின் நீ நெடுநாள் இருக்கவில்லை. இருதயம் என்றார் வைத்தியர்.

சில வாரங்களாக ஊரில் பேச்சுத் தாழ்ந்திருக்கின்றது. அயலிலிருந்து வரும் செய்திகளை எவரும் முழுதாகச் சொல்வதில்லை. சென்ற வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம் பிரதான வீதியில் கடைகளை உடைத்தது. மருதமுனைக் கைத்தறிச் சாரன் விற்கும் கடைக்காரர் ஒருவர் அன்று காலையே சரக்கை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டியிருந்தார். நேற்று பொலிஸார் அவரை அழைத்துக் கேட்டிருக்கிறார்கள்: "உமக்கு எப்படித் தெரியும்?"

அவர் என்னிடம் வந்தார். அவருக்காக நான் தோன்றப் போவதில்லை. வழக்கை வேறொரு சட்டத்தரணியிடம் ஒப்படைத்துவிட்டேன். வழக்கை நடத்துபவன் சாட்சியாகவும் நிற்பது முறையன்று. அந்த வெள்ளி காலை நஸீமாவைச் சம்மாந்துறையிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பியவன் நான். எனக்கும் எதுவும் தெரியாது, அஞ்சினேன், அவ்வளவே. அவர் அறிந்திருந்தார் என்றால் நானும் அறிந்திருந்தேன் என்று வாக்குமூலம் கொடுக்கப் போகிறேன்.

"ஒங்களயும் உள்ளுக்கு வெச்சா?" என்று கேட்டாள் நஸீமா.

"வெக்கலாம்."

அவள் பேனையை எடுத்து என் முன் வைத்தாள். "அப்ப நான் சம்மாந்துறைக்குப் போனதயும் எழுதுங்க. அதுக்குக் கீழ நான் கையெழுத்து வெக்கிறன்."

இம்மடலுக்கு உன் தம்பியும் சாட்சியாக ஒப்பமிடுகிறான். நாளை காலை வாக்குமூலம் கொடுக்கச் செல்கிறோம். திரும்பும் நேரம் எதையும் வீட்டில் சொல்லவில்லை.

ஒப்பம்: மு. இ. றாஸிக், சட்டத்தரணி

சாட்சிகள்:
றா. நஸீமா, மனைவி
அ. ஜெமீல், மறைந்தவரின் தம்பி