வேலிப் பொட்டால் போன அயன்பெட்டி

இன்று காலை கரண்ட் போய்விட்டது. நாளை பேத்திக்கு முதல் நன்மை; கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். வெள்ளை உடுப்பு அழுத்தாமல் கிடக்கிறது. மகள் அங்குமிங்கும் ஓடிவிட்டு, கடைசியில் கட்டிலுக்கு அடியிலிருந்து உம்முடைய பழைய அயன்பெட்டியை இழுத்தெடுத்தாள். மூடியில் இருக்கிற பித்தளைச் சேவல் களிம்பேறிக் கறுத்துப் போயிருந்தது. நான் சிரட்டையை எரித்துத் தணலாக்கிப் போட்டேன். முதல் புகை மூக்கில் ஏறியதும், கண்ணை மூடிப் போன நீர் வந்து பக்கத்தில் நின்றுவிட்டீர்.

ஆண்டவரையும் கட்டின மனைவி உம்மையும்தான் நான் வாய் நிறைய ‘நீர்’ என்று கூப்பிட்டு வந்தவன். இரண்டு பேரும் நான் சொன்னபடி நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அச்சுவேலியில் நாங்கள் இருந்த வீட்டின் பின்வேலி நினைவிருக்கிறதா? வேலிக்கு அப்பால் இருந்த வெறுங்காணியில், தீவுப்பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் கொட்டில் போட்டிருந்தது. அவன், மனைவி, எங்கள் மகளின் வயதில் ஒரு பெண்பிள்ளை. கடற்தொழில் செய்தவன், சண்டையால் கடலுக்குப் போகத் தடை. உடுத்த உடுப்போடு வந்தவர்கள்.

அவர்கள் வந்த பிறகு முதலில் தேங்காய் போனது. பிறகு கிணற்றடி வாளி போனது. பிறகு அடைகிடந்த கோழி, முட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனது. கோழி தன் பாட்டில் அப்படிப் போகாது என்பது, எட்டாம் வகுப்போடு நின்று சங்கக்கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருந்த எனக்கே விளங்கியது.

வேலியில் ஓர் ஆள் குனிந்து வரக்கூடிய பொட்டு விழுந்திருந்தது. நான் ஓலையும் முள்ளும் வைத்து அடைப்பேன்; மறுநாள் திறந்து கிடக்கும். கள்ளன்தான் பிரிக்கிறான் என்று நினைத்து ஒருநாள் மாமரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றால், பிரித்துக்கொண்டு நிற்பது நீர்.

“என்னப்பா செய்யிறீர்?”

“அந்தப் பிள்ளை தண்ணி அள்ள வாறது. முள்ளுக் குத்தப்போகுது.”

“வாளியைக் கொண்டுபோச்சினம். இனிக் கிணத்தையும் கொண்டு போகட்டும்!”

“கிணறு இந்தப் பொட்டுக்குள்ளாலை போகாது. நீங்கள் பயப்பிடாதேங்கோ.”

நான் மறுபடி ஓலையைத் தூக்கினால், “அவைக்குத் தேவை, எங்களுக்குப் பழக்கம்” என்பீர். “பழக்கத்தை விடலாம். தேவையை விடேலாது.”

வாளி போனதைப் பொறுத்தேன். கோழியையும் ஒருமாதிரிச் செமித்தேன். ஆனால் மகளின் முதல் நன்மைக்கு முதல் நாள் என் வெள்ளைச் சேட்டு போனதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் கோயிலில் தகப்பன்தான் கொழுத்திய மெழுகுதிரியோடு பிள்ளையின் பக்கத்தில் பீடப்படி வரைக்கும் நடக்க வேண்டும். “எங்கடை அப்பா வெள்ளைச் சேட்டோடை வருவார்” என்று மகள் வகுப்பெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். என்னிடம் இருந்த வெள்ளைச் சேட்டு அது ஒன்றுதான். எங்கள் பக்கம் சாமான் வரவிடாத பொருளாதாரத் தடையால் புதுத்துணியை யாரும் கண்ணால் காணாத காலம்.

சவர்க்காரமும் இல்லாத காலம். பனம்பழத்தைப் பிசைந்து நீர் அதைத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தீர். பனம்பழ வாசத்துக்கு மாடுகள் கொடித்துணியைச் சப்புவது அப்போது வழக்கமாக இருந்ததால், நான் முதலில் மாட்டைத்தான் சந்தேகித்தேன். ஒழுங்கையில் கட்டியிருந்த மாடுகளின் வாயையெல்லாம் பிளந்து பார்த்தேன். ஒரு மாடு என்னை முட்டியும் விட்டது. பொத்தானைக்கூட மிச்சம் வைக்காமல் தின்கிற மாடு அச்சுவேலியில் இல்லை என்று தெளிந்த பிறகுதான் கண் வேலிப் பொட்டுக்குப் போனது.

“நாளைக்குக் கோயில் வாசலிலை வைச்சுக் கேக்கப்போறன்” என்று குதித்தேன். “பூசை வைக்கிற சுவாமிக்கு முன்னாலை, சனத்துக்கு முன்னாலை!”

நீர் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. “கேளுங்கோ. அவன்ரை மகளும் நாளைக்கு வெள்ளை உடுப்போடை நிப்பாள். அவளுக்கும் கேக்கிற மாதிரிக் கேளுங்கோ.”

“அங்கியை எடுத்தவனுக்கு மேலாடையையும் விடச்சொல்லி ஆண்டவர் சொன்னவர்தான், ஓம். அவர் அதைப் பொருளாதாரத் தடைக்கு முந்திச் சொன்னவர்!”

நீர் சிரித்தீர். நான் சிரிக்கவில்லை.

பின்னேரம் மகளின் உடுப்பை அழுத்தி முடித்துவிட்டுக் கூப்பிட்டீர். “இஞ்சாருங்கோ, அவையளிட்டை அயன்பெட்டி இல்லை. தணல் ஆறமுந்தி இதைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ.”

அவனோடுதான் கோபம், பிள்ளையோடு என்ன என்று முணுமுணுத்துக்கொண்டு, புகைகிற பெட்டியைத் தூக்கியபடி பொட்டால் குனிந்து போனேன். கொட்டிலுக்குள் பாய் விரித்திருந்தது. பாயில் கோயிலால் கொடுத்த ஒரு சின்ன வெள்ளை உடுப்பு. அதற்குப் பக்கத்தில் என் சேட்டு. பொக்கற் மூலையில் சங்கக்கடைப் பேனை கக்கிய மைக்கறை என்னைப் பார்த்துச் சிரித்தது.

அவன் எழும்பி நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த அயன்பெட்டியைப் பார்த்தான். அதால் ஓர் அடி போட்டால் ஆள் முடிந்தது.

“அண்ணை...” என்றான். “நாளைக்கு மட்டும்தான். தோய்ச்சுத் திரும்பக் கொடியிலை போட நினைச்சனான்.”

காலையில் இருந்து வாயில் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன. அப்போதுதான் அந்தப் பிள்ளை குறுக்கே வந்தது.

“மாமா, எங்கடை அப்பாவின்ரை சேட்டையும் அழுத்தித் தாறியளோ? நாளைக்கு அப்பா எனக்குப் பக்கத்திலை மெழுகுதிரியோடை வரவேணும்.”

எங்கடை அப்பாவின்ரை சேட்டு. அதே மாதிரித்தான் என் மகளும் வகுப்பில் சொல்லி வைத்திருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: “கொஞ்சம் தண்ணி கொண்டா பிள்ளை. கொலருக்குத் தெளிக்கவேணும்.”

குந்தியிருந்து அழுத்தினேன். நீர் காட்டித் தந்த ஒழுங்கிலேயே முதலில் கொலர், பிறகு கை, கடைசியில் முதுகு. என் உடம்புக்குப் போட ஒருநாளும் நான் அவ்வளவு வடிவாக அழுத்தியதில்லை. அவன் கொட்டிலைத் தாங்கி நின்ற கப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றான். தோள் குலுங்கியது. பிள்ளை மட்டும், “இஞ்சை ஒரு சுருக்கு இருக்கு மாமா” என்று எனக்கு மேற்பார்வை பார்த்தது.

அடிக்கப் போகவேண்டியவன் அழுத்திவிட்டு வந்தேன். வீட்டில் கட்டிலின்மேல் நீலக்கோடு போட்ட என் பழைய சேட்டு கிடந்தது. நைந்த கொலரைப் பிரட்டித் தைத்து, முன்னமே அழுத்தி மடித்தும் வைத்திருந்தீர்.

“அப்ப உமக்குத் தெரியும்?”

“பொட்டுத் திறந்துதானே கிடக்குது. கண் தெரியாதே?” என்றீர். பிறகு, மெல்ல, “கொலர் நல்லா வந்ததோ?”

“வந்தது” என்றேன். அப்போதுதான் எனக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் மகள் ஓடிவந்து, என்ன, என்ன என்று கேட்டாள். நீலச் சேட்டைக் காட்டியதும் முகம் சற்று வாடியது. “நீலத்திலைதான் அப்பா வடிவு. மாதா உடுத்திறதும் நீலம்தானே” என்றீர். அவள் உடனே நம்பினாள். நானும் கொஞ்சம் நம்பினேன்.

மறுநாள் இரண்டு பெண்பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தார்கள். மெழுகுதிரியோடு நானும் அவனும். பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வளவில் நின்ற மாடு பனம்பழ வாசம் பிடித்து அவன் பின்னாலேயே வந்து சேட்டு வாலைக் கவ்விக்கொண்டது! “விடு, விடு, அது அண்ணையின்ரை சேட்டு!” என்று அவன் எல்லோருக்கும் கேட்கக் கத்தினான். நான் சனத்துக்கு முன்னால் கேட்க நினைத்ததை மாடு கேட்டுவிட்டது. நீர் முக்காட்டுக்குள் முகத்தை ஒளித்துச் சிரித்த சிரிப்பில் சுவாமியும் சேர்ந்துகொண்டார்.

அந்தக் கிழமையே சேட்டு, வாலைத் தைத்து, எங்கள் கொடிக்குத் திரும்பி வந்தது. நீர் அதை அவர்கள் வேலியில் போட்டீர். பிறகு அது இரண்டு வீட்டுக்கும் பொது. செத்தவீட்டுக்கு அவன், கலியாணவீட்டுக்கு நான். சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமம் முழுவதும் ஊரை விட்டு எழும்பி நடந்த நாளில் சேட்டு அவனிடம் இருந்தது. “நல்லது, ஒரு பாரம் குறைவு” என்றீர். இந்த இரும்புப் பெட்டியை விட்டுவரச் சொன்னீர், நான் கேட்கவில்லை. சைக்கிள் பாரில் கட்டி, முழங்கால் இடிபட இடிபடக் கொண்டு வந்தேன்.

பேத்தியின் உடுப்பை அழுத்தியாயிற்று. மதிலுக்கு அப்பால், போனமாதம் வாடகைக்கு வந்த மேசன் வீட்டிலும் ஒரு பிள்ளைக்கு நாளை முதல் நன்மையாம். எங்கள் வாசலில் இருந்த என் செருப்பு அவன் காலில் இருப்பதை நேற்றுத்தான் கண்டேன். அவர்களுக்கும் கரண்ட் இல்லை.

தணல் இன்னும் ஆறவில்லை. வெறுங்காலோடு போய்க் குடுத்திட்டு வாறன், இரும்.