கல் பட்ட கண்ணாடி

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். கடல் காற்று மூன்று மணிக்கு மேல்தான். கடையில் ஜெராக்ஸ் மெஷின் மறுபடி பேப்பரைத் தின்றது.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் மண்டைக்குள்ளேயே கிடந்து குடையும். நானும் செல்வியும் சிதம்பரம் போனோம். ஹாஸ்டலில் மகள் கயலுக்கு மீன் குழம்பு, முறுக்கு, துவைத்த துணி. ஓட்டியது செல்வி. இடது கண்ணில் லேசர் வைத்ததிலிருந்து நான் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, கனமாக எதையும் தூக்கவும் கூடாது. டாக்டர் உத்தரவு. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவள்தான் செல்வி, நாற்பத்தாறு வயதில். லைசென்ஸ் வந்த அன்று தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தாள்.

புதுச்சத்திரம் தாண்டி முன்னால் ஜல்லி லாரி, அதிலிருந்து தெறித்து ஒரு கல். டப். கார் முன்கண்ணாடி நடுவில், மிரருக்குக் கீழே மிளகு அளவுக்குக் குழி. அதிலிருந்து மெல்லிசாக மூன்று விரிசல். ஓரம் கட்டிவிட்டாள். அங்கிருந்து சிதம்பரம் வரை மாட்டுவண்டி வேகம். திரும்பும்போதும் அப்படியே. பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். "இனிமே நான் தொடமாட்டேன் மாமா. வித்துடுங்க." அத்தை மகள், கல்யாணத்துக்கு முன்னால் சின்ன வயதிலிருந்தே மாமாதான்.

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். டியூப்லைட் ஸ்டார்ட்டர். தண்ணி கேன்.

மச்சானுக்குப் போன் போட்டேன். செல்வியின் தம்பி, புவனகிரியில் உரக்கடை. "அக்காவ இனிமே ஓட்ட வேணாம்னு சொல்லுங்க மாமா, ஹைவேஸ்ல லாரி ஜாஸ்தி" என்றான். கோபம் வந்தது. போன மாதம் இவன் வீட்டுக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு போய் இறங்கினாளே, அன்றைக்கு வாசலில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தது யார்?

சரி, அவனை விடு. எனக்குப் பிரச்சினை கார் இல்லை. ஓட்டக் கற்றதிலிருந்து செல்வி வேறு ஆளாக இருந்தாள். குரல்கூட ஒரு படி ஏறியிருந்தது. என் கண் போனதில் எனக்குக் கிடைத்த ஒரே நல்லது அது. இரண்டு நாளாக வீட்டில் ஈனசுரம்.

கண்ணாடிக் குழியை அடைக்கும் கிட் ஒன்று ஆன்லைனில் இருக்கிறது. ஆர்டர் போட்டாயிற்று. அந்தப் புள்ளி மறைந்தால் பயமும் போகும் என்று ஒரு கணக்கு.

கடையில் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம்: "எங்கூட்டுக்காரரு ஹெல்மெட்டுக்குக் காத்து வாங்கிக் குடுக்கத்தான் தினம் வண்டியில மாட்டிக்கினு போறாரு."

ஜூலை 10, வியாழன்

மேகம் மட்டும். மழை இல்லை.

கயல் போன். "ஞாயித்துக்கிழமை பஸ்ஸுலயே வாங்கப்பா. அம்மாவத் தொல்லை பண்ணாதீங்க." எல்லோருக்கும் அம்மா மேல் அக்கறை பொத்துக்கொண்டு வருகிறது. அவளை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

கிட் வந்தது. ரப்பர் கப் வைத்த ஒரு ஸ்டாண்ட், ஊசி மாதிரி குழாய், குட்டிப் பாட்டிலில் பசை, மேலே ஒட்ட பிளாஸ்டிக் தாள். வழிமுறைத் தாளில் கொசு முட்டை எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். வெயிலில் பசை உடனே இறுகிவிடுமாம். அதனால் நிழலில் ஊற்றி, உள்ளே இறங்கிய பிறகு வெயிலில் காட்ட வேண்டும்.

கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு சாயங்காலம் போர்ட்டிகோவில் ஆரம்பித்தேன். ஈரத்துணியால் துடைத்து, கப்பை ஒட்டி, குழாயைத் திருகினேன். பசை இறங்கவே இல்லை. குழிக்குள் மஞ்சளாக ஏதோ. இன்னும் ஒரு திருகு கொடுத்தேன். கண் முன்னாலேயே ஒரு விரிசல் நகக்கண் அளவு நீண்டது.

பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை என்று செல்வி காரைக் கழுவிப் பொட்டு வைத்திருக்கிறாள். வழக்கமாகப் பானெட்டில் வைப்பவள், இன்று கரெக்டாக அந்தக் குழி மேலேயே. சந்தனத்தை நன்றாகக் குழைத்து, கட்டைவிரலால் அழுத்தி, அதற்கு மேல் குங்குமம். நான் துடைத்தது மேலே இருந்ததை மட்டும்.

"யாரு உன்ன அங்க வைக்கச் சொன்னது?"

"அடிபட்ட எடத்துலதான வைக்கணும். நல்ல எடத்துல வச்சு என்னா பண்ண?"

பசையை வழித்துப் போட்டுவிட்டு வந்தேன். சாப்பாடு வேண்டாம் என்றேன். சரியாக்குகிறேன் என்று போய்ப் பெரிதாக்கியது நான்தான். தட்டில் இரண்டு தோசை வைத்து மூடியிருந்தாள். சாப்பிட்டேன்.

ஜூலை 12, சனி

நல்ல வெயில். தெருவில் கருவாடு விற்கும் அம்மா.

காபி குடித்து முடிக்கும் முன்னாலேயே செல்வி ஊக்கு, பஞ்சு, கயலின் நெயில்பாலிஷ் அழிக்கும் மருந்து எல்லாம் எடுத்துக்கொண்டு காரிடம் நின்றாள். "நான் வச்சத நானே எடுக்கறேன். உங்களுக்குக் கண்ணு தெரியாது, சும்மா குத்துவீங்க." ஊக்கு முனையால் துளித்துளியாகச் சந்தனம் வந்தது. இறா நரம்பு எடுக்கிற அதே பொறுமை. மருந்து தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு பசை விட்டோம். குழாயைத் திருகியது அவள். இறங்கியது. விரிசல்களும் ஒவ்வொன்றாகத் தெளிந்துகொண்டே வந்தன. அவள் மூச்சு என் காதில் பட்டது. இந்த வயதில் இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நேரம் நின்று எத்தனை நாள் ஆயிற்று.

தாளை ஒட்டியாயிற்று. இனி வெயில் வேண்டும். கார் போர்ட்டிகோவில், வெயில் கேட்டுக்கு வெளியே. நான் நியூட்ரலில் போட்டுத் தள்ளினேன். வாசல் ஏற்றம், அசையவில்லை. தோளைக் கொடுத்தேன்.

"தள்ளுங்க. நல்லா தம் கட்டித் தள்ளுங்க. லேசர் வச்ச கண்ணு தெறிச்சு ரோட்டுல உழட்டும்."

கையை எடுத்தேன். உள்ளே போனாள். சாமி அலமாரி திறக்கும் சத்தம். சாவியோடு வந்து உட்கார்ந்தாள், ஸ்டார்ட் பண்ணவில்லை. எட்டி உள்பக்கத்திலிருந்து அந்தப் புள்ளியைத் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள்.

"உள்ள வழவழன்னு இருக்கே மாமா."

இதில் ரெண்டு கண்ணாடி சேர்த்து ஒட்டியிருக்கும், நடுவில் ஒரு தாள், அடி வெளிக் கண்ணாடியோடு நின்றுவிட்டது என்று சொன்னேன். ஆறு நாளாக அந்தக் கல் தன் முகத்துக்குள் வந்துவிட்ட மாதிரியே இருந்ததாம். கண்ணை மூடினால் டப். என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டால்தானே சொல்வதற்கு.

கையை எடுத்துவிட்டு, "அப்ப எனக்கு வந்தத இது வாங்கிக்கிச்சு" என்றாள். "திருஷ்டி கழிஞ்சுதுன்னு வச்சுக்கலாம்."

ரிவர்ஸ் எடுத்து வெயிலில் விட்டாள். கேட்டில் இடிக்கவில்லை. வழக்கமாக லேசாக இடிப்பாள்.

மத்தியானம் தாளை உரித்துவிட்டு, மேலே இறுகியிருந்த பசையைப் பிளேடால் வழித்தேன். குழி இருந்த இடத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு மங்கல். முழுசாகப் போகவில்லை. மெக்கானிக் வந்து விரலால் தட்டிப் பார்த்தார். "இனிமே விரிசல் ஓடாது சார், தைரியமா எடுங்க" என்றார். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டாளா தெரியவில்லை. நாளைக்குக் கார் என்றும் சொல்லவில்லை, பஸ் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

விடியற்காலையில் லேசான தூறல். வஞ்சிரம் கிடைக்கவில்லை, சங்கராதான்.

குழம்புத் தூக்கைக் கொண்டுபோய்க் கார் பின்சீட்டில் வைத்தாள். நான் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வைத்திருந்ததை அவளுக்குத் தெரியாமல் டிராயரில் போட்டேன்.

முதுநகர் தாண்டினோம். ஆலப்பாக்கம் கிட்டே முன்னால் ஜல்லி லாரி, தார்ப்பாய் கூடப் போடாமல். எனக்கு உடம்பெல்லாம் விறைத்துவிட்டது. அவளைப் பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் முடியவில்லை. தாடை இறுகியிருந்தது. கொஞ்சம் பின்தங்கி வந்தாள். எதிரில் ரோடு காலியாகும் வரை காத்திருந்தாள். இண்டிகேட்டர், ஹாரன், கியர்.

லாரியின் பக்கவாட்டில் போகும்போது சொன்னாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்: "கால எடுங்க மாமா. உங்க பக்கம் பிரேக் இல்ல."

எடுத்தேன்.