சூடாமணியின் ஈரத் தலை

ஜனவரி 13, 1934. சனி.

சூடாமணி இன்றைக்கும் ஐந்தரைக்குத்தான் வந்தாள். பள்ளிக்கூடத்துச் சனிக்கிழமைச் சேவா சங்கம் நாலு மணிக்கே கலைந்துவிடும் என்று அவள் வாயாலேயே ஒரு தரம் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து கரமனைக்கு நடந்து வர அரை மணி போதும். மிச்சம் ஒரு மணி நேரம் எங்கே போச்சு? இருபத்திரண்டு வருஷம் ரிக்கார்டு ரூமில் குப்பை கொட்டினவனுக்கு இதுகூடவா உறைக்காது?

பன்னிரண்டு வயசில் புருஷனைப் பறிகொடுத்து வந்து நின்ற பெண். மூலையில் உட்கார வைக்க மனசு வராமல் மிஷன் பள்ளியில் சேர்த்தேன். தெருவே சிரித்தது, சிரிக்கட்டும் என்று விட்டேன். இப்போது பதினேழு. மார்ச்சில் பரீட்சை, பாஸானால் டீச்சர் வேலை கிடைக்கும், நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் யார் கையையும் பார்க்க வேண்டாம். அதற்குத்தான் அனுப்பினேன், ஞானஸ்நானத்துக்கு இல்லை.

பூப்பறிக்கும்போது அவர்கள் பாட்டு ஒன்றை முணுமுணுக்கிறாள். ராகம் நம்முடையது இல்லை.

ஜனவரி 16.

மிஷன்காரர்களிடம் சும்மா கிடைக்கிறதா சர்க்கரை? இலவசமாகப் படிப்பு, இலவசமாகப் புஸ்தகம், இலவசமாக அன்பு.

ஜனவரி 20. சனி.

ஐந்தே முக்கால்.

அவள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தப்புதான், பெற்றவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? புடவைக்கு அடியில் வெள்ளையில் தைத்த அங்கி ஒன்று, முழங்கைவரை கை. புதுசு. ஆபீஸில் நேசையன் தன் தங்கை ஞானஸ்நானத்துக்கு வெள்ளை உடுப்பு தைத்ததாகப் போன வருஷம் சொன்னது ஞாபகம் வந்தது.  இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜனவரி 27. சனி.

ஈரத் தலையோடு வந்தாள்.

நாள் முழுக்க மேகமூட்டம், ஒரு சொட்டு மழை இல்லை. தலைமயிரில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையால் மூடிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போய், கிணற்றில் மறுபடி நாலு குடம் இறைத்துக் குளித்தாள். ஏற்கெனவே நனைந்த தலைக்கு இன்னொரு குளியல் எதற்கு? அந்தத் தண்ணீரை இந்தத் தண்ணீரால் மறைக்கவா?

ஆற்றில் முக்கிவிட்டார்கள். அவ்வளவுதான். வெள்ளை அங்கி, ஒரு மணி நேரம், ஈரத் தலை. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேணும்?

"ஏன்னா, அவகிட்டயே கேட்டுடுங்கோளேன்" என்றாள் சீதாலக்ஷ்மி. கேட்கவில்லை. ஆமாம் என்றால் என்ன செய்வேன்? இல்லை என்றால் நம்புவேனா? சோறு இறங்கவில்லை. என் பெண் என்னை விட்டுப் போய்விட்டாள், நான் ஆபீஸில் ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜனவரி 28.

விடிகாலை ஸ்நானத்துக்குப் போனபோது படித்துறையில் ஸ்ரீனிவாச வாத்தியார். நம்மாத்துக்கு மூன்று தலைமுறையாகப் புரோகிதம். "என்ன ஓய் முகம் இப்படி வாடியிருக்கு?" என்று கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யாரிடமும் மூச்சுவிடாதீர் என்றேன். "சே சே, நான் சொல்லுவேனா" என்றார்.

மனசு லேசானது.

பிப்ரவரி 1.

பள்ளியிலிருந்து அவளை நிறுத்துவதாக ஹெட்மிஸ்ட்ரஸ் மிஸ்ஸம்மாவுக்கு லெட்டர் எழுதி வைத்தேன். பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கிறது, தெரியும். பரீட்சை பெரிசா, பெண் பெரிசா? ஒரே ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டுத் தபாலில் சேர்ப்பது என்று இருக்கிறேன்.

பிப்ரவரி 3. சனி.

லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். ஐம்பது வயசில் குடையை முகத்துக்குப் பிடித்துக்கொண்டு திருடன் மாதிரி.

ஆற்றுக்கு அக்கரையில் சேரி. பெண்கள் எட்டுப் பேர், கூட சுசீலாபாய் என்கிற டீச்சர். நான் தாழம்புதருக்குப் பின்னால் நின்றேன். சூடாமணி அந்த வெள்ளை அங்கியைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டாள். ஒரு குழந்தை, உடம்பெல்லாம் சிரங்கு, கிட்டே போகவே கூசும். அதை மடியில் போட்டுக்கொண்டு வெந்நீரில் துடைத்து வேப்பெண்ணெய் தடவினாள். அது வீறிட்டு அழுதது. இவள் அந்தப் பாட்டைப் பாடினாள், அழுகை நின்றது.

நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அருவருப்பா, வேறு ஏதாவதா, இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

நாலு மணிக்கு எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார்கள். இவள் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டாள். மற்றவர்கள் கை கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். இவள் மட்டும் ஆற்றில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டு, பாறைமேல் உட்கார்ந்து தலையைக் காய வைத்தாள். அந்த ஒரு மணி நேரம் அதுதான்.

சுசீலாபாய் என்னைக் கண்டுவிட்டாள். "சூடாமணியோட அப்பாதானே? வெயில்ல நிக்கியளே" என்றாள். பிறகு தானாகவே சொன்னாள்: "இப்படியே வீட்டுக்குப் போனா அப்பாவுக்குத் தீட்டாயிரும்னு வாரம் தவறாம முங்கிக் குளிப்பா. வீட்டுல போயி இன்னொரு தரமும் குளிப்பாளாம். மத்த பிள்ளையளெல்லாம் சிரிக்கும். அவ சட்டையே பண்ணமாட்டா."

ஞானஸ்நானம் என்று நான் நினைத்தது மடி. எனக்காக இரண்டு மடி.

லெட்டரைக் கிழித்து ஆற்றிலேயே போட்டேன்.

பிப்ரவரி 6.

எதிராத்து சீமந்தத்துக்கு நமக்கு மட்டும் அழைப்பு இல்லை. பக்கத்தாத்துப் பகவதிப்பெருமாள் என்னைக் கண்டதும் அந்தப் பக்கம் திரும்பி நடக்கிறார்.

பிப்ரவரி 7.

சொல்லிவிட்டான் பாவி.

பிப்ரவரி 8.

வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "அவ மதம் மாறலை ஓய், நானே கண்ணால பார்த்தேன். சேரிக் குழந்தைக்கு மருந்து போட்டா, அவ்வளவுதான்!"

உடனே பிடித்துக்கொண்டார். "அப்போ சேரிக் குழந்தையைத் தொட்டாளா? இது வேற இருக்கா? முதல்ல நீர்தானே ஓய் வந்து அழுதீர்? நானா கட்டிவிட்டேன்?"

தவளை தன் வாயால் கெட்டது, அதுவும் இரண்டு தரம். பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பிராயச்சித்தம் பண்ணினால்தான் நம்மாத்து வாசல்படி ஏறுவாராம். அடுத்த மாசம் அம்மா சிராத்தம் வருகிறது, அது அவருக்கும் தெரியும்.

பிப்ரவரி 19.

கிழக்கேகோட்டையில் வேறு இரண்டு புரோகிதர்களைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் ஜுரம் என்றார். இன்னொருவர் காரணம்கூடச் சொல்லவில்லை. சீதாலக்ஷ்மி இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. யார் மேல் கோபம் என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

சூடாமணி வழக்கம்போலக் காப்பி கொண்டு வைக்கிறாள். படிக்கிறாள். அவளிடம் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் வலிக்கிறது.

பிப்ரவரி 25.

வாத்தியார் ஆள் விட்டார். "ஒரு வார்த்தை சொன்னாப் போறும், எல்லாம் சரியாயிடும்." அந்த ஒரு வார்த்தை, பெண்ணை நிறுத்தினேன் என்பது. விடிகிற வரையில் யோசித்தேன். பெற்ற தாய்க்குச் சோறு போடாத பாவமா, பெற்ற பெண்ணைச் சமையற்கட்டில் அடைத்த பாவமா? அம்மா இருந்திருந்தால் எதைச் சொல்லுவாள்? தெரியவில்லை. அவளும் இந்தத் தெருக்காரிதான்.

அவள் பரீட்சை எழுதட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். 

மார்ச் 6. செவ்வாய்.

அம்மா சிராத்தம். யாரும் வரவில்லை.

இரண்டு இலை போட்டு, பிராமணாள் உட்கார வேண்டிய இடத்தில் தர்ப்பையை முடிந்து வைத்தேன். தெரிந்த மந்திரத்தைச் சொன்னேன், தெரியாத இடத்தில் அம்மா பெயரைச் சொன்னேன். சீதாலக்ஷ்மி அந்தத் தர்ப்பைக்கு ஒரு குறையும் இல்லாமல் பரிமாறினாள், வடை, அதிரசம், எல்லாம். இரண்டாவது தரம் பாயசம் விடும்போது அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை.

காக்கை சீக்கிரமே வந்தது.

மார்ச் 11. ஞாயிறு.

நாளைக்குப் பரீட்சை. சாயங்காலம் கொல்லைப் பக்கம் படித்துக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். தெருவில் இந்தப் பேச்சைக் கிளப்பினது நான்தான், வேறு யாரும் இல்லை என்றேன்.

"தெரியும்ப்பா" என்றாள். "வாத்யாராத்து மாமி தை மாசமே என்கிட்ட கேட்டாளே, உங்கப்பாவே சொன்னாராமேடி, நெஜமான்னு."

ஆறு வாரமாகத் தெரியும். ஆறு வாரமும் எனக்குக் காப்பி கொடுத்திருக்கிறாள்.

"பின்னே ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"தெரு என்ன பேசினாலும் எனக்கு ஒண்ணுமில்லைப்பா. கேட்டா உங்களுக்குக் கோவம் வந்து ஸ்கூலை நிறுத்திடுவேளோன்னு பயம். தினமும் அந்த பயம்தான்."

சொல்லிவிட்டுப் பூகோளப் புஸ்தகத்தைத் திருப்பினாள். நாளைக்கு நானே கொண்டுவிடுகிறேன் என்றேன். சரி என்றாள்.

மார்ச் 12. திங்கள்.

ஆபீஸுக்கு அரை நாள் லீவு. பள்ளி வாசல்வரை போனோம். மணி அடித்தது. ஹாலுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். நான் இன்னும் நிற்கிறேனா என்று பார்த்தாளா, போய்விட்டேனா என்று பார்த்தாளா, எனக்குத் தெரியவில்லை.