எரிந்த சரிவில் ஊசிமெத்தை

பழைய மிஷன்,
செப்டம்பர் 4

அன்புத் தம்பி ஆபெலுக்கு,

அக்கா மக்ரீட்டாவின் முத்தங்கள். நீ அனுப்பிய கருவாட்டுப் பொட்டலம் வந்து சேர்ந்தது. இது மூன்றாவது பொட்டலம், இதிலும் ஒரு வரி எழுத்து இல்லை. மீனை முகர்ந்து பார்த்துத்தான் நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொள்கிறேன். துறைமுகக் குளிரில் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? கம்பளி பனியனைப் போடுகிறாயா, பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறாயா?

இங்கே நல்ல மழை. ஆலயக் கூரைக்குப் புது நாணல் வேய்ந்தாகிவிட்டது. ஈஸ்டர் காலையில் கல்லறைத் தோட்டத்தில் வாத்தியக் குழு உன் எக்காளம் இல்லாமலே வாசித்தது. கேட்கச் சகிக்கவில்லை.

ஊசிமெத்தைச் செடியை விதையிலிருந்து வளர்க்கிறேன் என்று மூன்று வருடமாக நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். வசந்தத்தில், தையற்காரி குண்டூசி குத்தி வைக்கிற மெத்தை மாதிரி அது ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். அந்தப் பூவுக்காக விதையை வெந்நீரில் ஊறவைத்தேன், மணலில் தேய்த்தேன். பாதி அழுகியது, மீதியை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுச் சாலமன் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மக்ரீட்டா, நீ செடி வளக்கல, எறும்பு வளக்குறே" என்று சிரிப்பாரே.

பிப்ரவரிக் கோடையில் பற்றிய தீக்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. களைக் குவியலில் நீ வைத்த நெருப்பு வேலி தாண்டிப் போய், அவர் சரிவில் பதினைந்து வருடம் வளர்த்த ஊசிமெத்தைச் செடிகளைக் கரிக்கட்டையாக்கிவிட்டது. ஊர்க் கூட்டத்தில் ஆளாளுக்கு உன்னைத் திட்டினார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டு கேட்டாய், மறுநாள் மூட்டையைக் கட்டினாய். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை கடைசியில் சாலமன் அண்ணன் என்னைச் சரிவுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனால், சாம்பலுக்குள்ளிருந்து எங்கே பார்த்தாலும் முளை. குண்டு குண்டாய் இரண்டிரண்டு இலை. எறும்புகள் வருடக்கணக்கில் மண்ணுக்குள் கொண்டுபோய் வைத்த விதைகளெல்லாம் தீயும் புகையும் பட்டு எழுந்துவிட்டன. கால் வைக்க இடமில்லாமல் நாங்கள் இருவரும் கல்லில் நின்றோம்.

அவர் சொன்னார்: "ஆபெலக் கூப்பிடு. இத்தனையும் பிரிச்சு நட எனக்கு இடுப்புல பலமில்ல. பய தெரியாமச் செஞ்சுட்டான், போகட்டும்."

உன்னை அவர் மன்னித்ததைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆபெல். உடம்பு கூசியது. அங்கேயே சொல்லிவிட்டேன்: "காத்து சரியில்ல, நாளைக்கு வைக்கலாம்னுதான் அவன் சொன்னான். நான்தான் இன்னைக்கே வையின்னேன்."

அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஆறு மாசமா எங்க வீட்டுல வந்து காப்பி குடிச்சியே மக்ரீட்டா" என்றார். அவ்வளவுதான். தனியாகவே இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று ஊருக்கும் சொன்னேன். பாதிரியார் இருமினார். ரொட்டிக்காரி இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும், எனக்கு வேண்டியதுதான். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தே உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். அதை நினைத்து நான் அழாத நாள் இல்லை.

சாலமன் அண்ணன் ஒரு மாதமாக வேலிப் பக்கமே வரவில்லை. நேற்றுக் காலை கதவைத் திறந்தால் படியில் பழைய காப்பி டின். அதில் ஒரு நாற்று, வேரில் மண் உதிராமல். நீ படுக்கிற அறை ஜன்னலுக்குக் கீழே நட்டுவிட்டேன். பூக்க மூன்று வசந்தமாவது ஆகும் என்கிறார்கள். எறும்பு வந்தால் வரட்டும்.

சரிவைச் சுத்தம் செய்த கரிக்கட்டையும் முள்ளும் வேலியோரம் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. எப்போது கொளுத்தலாம் என்று அவர் இன்று வேலியோரம் வந்து கேட்டார். ஆபெல் வந்து காற்றைப் பார்த்துச் சொல்லட்டும் என்றேன். அவரும் சரியென்று தலையாட்டினார்.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காப்பாராக. நீ வந்து சொல்லும்வரை இங்கே ஒருவரும் தீக்குச்சி உரசமாட்டோம்.

உன் அக்கா,
மக்ரீட்டா