இருபத்திரண்டு ரவிக்கை, ஒரே வரி

ஏப்ரல் 21, திங்கள்

திருப்பதியிலிருந்து ஸ்ரீஹரி தம்பி வந்து ஒரு கட்டைப் பையை மேஜை மேல் கவிழ்த்தார். இருபத்திரண்டு அளவு ரவிக்கைகள். கங்கம்மா ஜாத்திரைக்கு அவர்கள் தெரு ஆண்கள் இருபத்திரண்டு பேர் சேலை கட்டி வேஷம் போடுகிறார்கள். எல்லாம் வேண்டுதல். "ரவிக்கை பின்கழுத்துல எம்பிராய்டரி ஓணும்க்கா. ஒருத்தனுக்கு மயில், ஒருத்தனுக்கு கிளி. மே நாலாந்தேதி கைக்கு வந்துடணும். உங்கள நம்பிக்கினு இருக்கோம்."

இந்தப் புத்தூரில் எம்பிராய்டரி மெஷின் போட்டு உட்கார்ந்ததிலிருந்து இத்தனை பெரிய ஆர்டர் வந்ததில்லை. வாயெல்லாம் பல்.

என் வீட்டுக்காரர் இவருக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி. போன வருஷம் டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் வேஷம் போட வைக்கிறேன் என்று கங்கம்மாவிடம் சொல்லிவிட்டேன். இன்று மெதுவாக ஞாபகப்படுத்தினேன்.

"வேண்டிக்கினது நீ. சேலை கட்டிக்கறது நானா? பஸ் டிப்போல ஒருத்தன் பார்த்தான்னா ரிட்டயர் ஆவற வரைக்கும் சொல்லிக்கினே இருப்பான்."

ஏப்ரல் 24

இருபத்திரண்டு டிசைனும் லேப்டாப்பில் வரைந்து முடித்தேன். கண் எரிகிறது. மனசு குளிர்ந்திருக்கிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

சிரிப்பதா அழுவதா?

மாதிரிக்கு முதல் ரவிக்கையைப் பக்கத்துத் தையல் கடை தனபாக்கியம் தைத்துக் கொடுத்தாள். ஸ்ரீஹரி வந்து போட்டுப் பார்த்தார். ஒரு கை நுழைந்தது. மறு கை பாதியில் நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கடைசியில் தனபாக்கியம் தையலைப் பிரித்துத்தான் ஆளை வெளியே எடுத்தாள்.

"தம்பி, இது யார் அளவு?"

"எங்க வீட்டுல அதோடதுதான்க்கா. நீங்க அளவு ரவிக்கை கொண்டான்னு சொன்னீங்க. எந்த ஆம்பளகிட்ட ரவிக்கை இருக்குது?"

இருபத்திரண்டும் பெண்டாட்டிகளின் ரவிக்கைகள். பதினோரு வருஷமாகத் துணியோடு மாரடிக்கிறேன், எனக்கே தோன்றவில்லையே! தனபாக்கியம் புதிதாக வெட்டிவிடுவாள். ஆனால் என் டிசைன் எல்லாம் சின்னது. மெஷினிலேயே பெரிதாக்கினால் தையல் விலகிப் பல்லிளிக்கும். சாஃப்ட்வேரில் ஒவ்வொன்றாகத் திறந்து பெரிதாக்கவேண்டும்.

ஏப்ரல் 26

பட்ட காலிலே படும். லேப்டாப் செத்துவிட்டது. ரிப்பேர்காரர் பத்து நாள் என்கிறார். டிசைன்கள் பென் டிரைவில் பத்திரம், சாஃப்ட்வேர் சிடியும் இருக்கிறது. ஓட்டுவதற்குத்தான் கம்ப்யூட்டர் இல்லை.

வீட்டில் இருப்பது நாத்தனார் காவ்யா பெங்களூர் போகும்போது விட்டுப்போன பழைய லேப்டாப். அதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். போன் போட்டேன். "வைன்னு ஒண்ணு இருக்குது அண்ணி. விண்டோஸ் புரோகிராம் அதுல ஓடும்" என்றாள். பேரைக் கேட்டு இவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காவ்யா சொல்லச் சொல்ல வைனையும் போட்டேன், சாஃப்ட்வேரையும் போட்டேன். திறந்தது. ஒரே வெள்ளை. பொத்தான் இல்லை, படம் இல்லை, ஒன்றும் இல்லை. பதினேழு தடவை திறந்து மூடினேன். அழுகையே வந்துவிட்டது. இருபத்திரண்டு பேர் கங்கம்மாவுக்குச் சொன்ன சொல் என் கையில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. என்னத்த சொல்றது அவங்களுக்கு?

ஏப்ரல் 28

காலையில் காவ்யா கூப்பிட்டாள். சிடியில் இருந்த உதவிப் புத்தகத்தை ராத்திரி அவளுக்கு அனுப்பியிருந்தேன். "அண்ணி, படமே வேணாம். சாஃப்ட்வேர் ஜன்னல் திறக்காமலே எழுத்துல கட்டளை குடுத்தா பெருசாக்கித் தருமாம். நாப்பதாம் பக்கத்துல இருக்குது."

கறுப்புத் திரை. டைப் அடித்தேன்: வைன், இடம் விட்டு சாஃப்ட்வேர் பெயர், இடம் விட்டு டிசைன் பெயர், கடைசியில் 125. நூறுக்கு நூற்றிருபத்தைந்து.

அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது. இருக்கிறதே, கண்ணால் பார்க்கிறேனே! ஸ்ரீஹரி தெரு ரமணாவின் டிசைனுக்கு 'ரமணா வீடு' என்று பெயர் வைத்திருந்தேன். நடுவில் இடம் இருப்பதால் ரமணா ஒன்று, வீடு ஒன்று என்று இரண்டாக நினைத்துக்கொண்டதாம். பெயரின் இருபுறமும் மேற்கோள்குறி போட்டதும் முனகாமல் வேலை செய்தது. ரமணாவின் மயில் அகலமாக வந்து நின்றது. தையலும் நெருக்கம் குறையவில்லை.

அப்புறம் காவ்யா இன்னொரு வரி சொன்னாள். அந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபைல் ஒவ்வொன்றையும் எடுத்து இதையே செய் என்பதுதான் அதன் அர்த்தம். என்டர் தட்டினேன். ஒன்று, இரண்டு என்று தானே ஓடியது. காபி ஆறுவதற்குள் இருபத்திரண்டும் முடிந்தன. கையால் செய்திருந்தால் இரண்டு நாள்.

அடுப்படியில் தனியாகக் கொஞ்சம் ஆடினேன். இங்கே எழுதலாம், யார் படிக்கப்போகிறார்கள்.

மே 1

மெஷின் ஓடுகிறது. தனபாக்கியம் தைக்கிறாள். வேறு செய்தி இல்லை.

மே 4, ஞாயிறு

சொன்ன தேதியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பைக்கில் இவர்தான் கூட்டிப்போனார். ஸ்ரீஹரி வீட்டு மாடியில் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தார்கள். கல்லுடைக்கிற ரமணா, கதவு அகலத் தோள், கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி முதுகு மயிலைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "என் மவ எழுந்து நடந்தா வரேன்னு வேண்டிக்கினேன்க்கா. இப்ப ஓடறா" என்றார். கொக்கி எட்டவில்லை என்று திண்டாடியபோது, வாசலில் நின்றிருந்த இவர் போய் மாட்டிவிட்டார். ஒருவருக்கு இல்லை, ஒன்பது பேருக்கு.

திரும்பும் வழியெல்லாம் பைக்கை மெதுவாகவே ஓட்டினார்.

மே 5, திங்கள்

டிப்போவிலிருந்து வந்தவர் முகம்கூடக் கழுவாமல் என் மேஜையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். தன் மார்பைத் தானே சுற்றி, முனை கைக்கு வராமல், என்னிடம் நீட்டினார்.

"அந்தக் கறுப்புத் திரையில இன்னும் ஒரு பேரு அடிச்சா ஓடுமா?"

"ஓடும்."

"கிளி வேணாம். மயில் போடு."

நாற்பத்து நான்கு. ரமணாவின் ஃபைலையே எடுத்து, 125-ஐ அழித்து 130 போட்டேன். என்டரை அவரே தட்டினார். கையை மட்டும் கொஞ்சம் லூசாக வைக்கச் சொல்லியிருக்கிறார்.