மனுவில் அண்ணன் பண்ணை

ஐப்பசி, வெள்ளி இரவு.

கோழிப்பண்ணை ஈத் தொல்லை பற்றித் திங்களன்று கலெக்டரிடம் கொடுக்கும் மனுவை நான்தான் எழுதினேன். குழந்தையின் பால் தம்ளரில் மிதந்த ஈயை எழுதினேன். மழைக்கு முன் எருவை அள்ளாவிட்டால் ஈ பெருகத்தான் செய்யும் என்று காரணமும் சொன்னேன். படித்துப் பார்த்த பக்கத்து வீட்டு சரோஜா அக்கா, "ஏனுங்க, உங்க அண்ணன் பண்ணைய மட்டும் உட்டுட்டீங்களே? இத ஆருங்க நம்புவாங்க?" என்றார். சுருக்கென்றது. சாயங்காலம் உட்கார்ந்து, பண்ணைகளின் பெயர்களில் அண்ணனுடையதை முதலில் எழுதினேன்.

பேனாவை மூடுவதற்குள் அண்ணனே போன் செய்தார். "அம்மணி, பசங்களுக்கு முட்டை தீந்திருக்குமே, நாளைக்கு ரெண்டு அட்டை கொண்டாரட்டுமா?"

"கொண்டாங்கண்ணா" என்றேன். மனுவைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. பெயரை அடிக்கவும் இல்லை.