மெஷினுக்கு அடியிலிருந்து

அக்கா,

நேற்றுச் சாயங்காலம் டிராக்டரை ஸ்டார்ட் செய்து பின்னாலிருக்கும் புல் வெட்டும் மெஷினைத் தூக்கியபோது, அடியிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. ஈரத்தோடு ஒட்டிக்கிடந்த புல் மக்கிப் புளித்த நாற்றம். நீங்கள் இருந்தவரை அந்த மெஷினில் இப்படி ஒரு வாடை வந்ததே இல்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அலுப்புத்தான் வந்தது.

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள் நாம். அண்ணனும் தம்பியுமான நம் வீட்டுக்காரர்கள் போர்வெல் வண்டியோடு வடக்கே போனால் மழைக்காலத்துக்குத்தான் திரும்புவார்கள். டிராக்டர் பாதி நாள் சும்மா நிற்கிறதே, அதற்கு ஒரு புல் வெட்டும் மெஷின் வாங்கி மாட்டலாம் என்று சொன்னது நீங்கள்தான். கோழிப்பண்ணையைச் சுற்றி, தென்னந்தோப்புக்குள், காலேஜ் மைதானத்தில் என்று புல் மண்டிய இடத்துக்கெல்லாம் நம்மைக் கூப்பிட்டார்கள். ஓட்டுவது என் வேலை. கிரீஸ் அடிப்பது, கத்தி தீட்டுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் உங்கள் வேலை.

பெயின்ட் என்றால் உங்களுக்கு அப்படி ஒரு பைத்தியம். மெஷினில் நகக்கீறல் அளவு கீறல் விழுந்தாலும் சிவப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள். கல்யாணத்துக்கா போகப்போகிறது என்று நான் கிண்டல் செய்தால், "ரெண்டு பொம்பளைங்க வாராங்கன்னா மொதல்ல மெஷினத்தான் பாப்பாங்க கண்ணு. அது அழுக்கா இருந்தா நம்ம வேலையும் அழுக்குன்னு முடிவு பண்ணிருவாங்க" என்பீர்கள்.

அந்தப் பைத்தியம் ஒரு ஆயுத பூஜைக்கு நம் மானத்தை வாங்கியது. மெஷின் பளபளவென்று இருக்க வேண்டும் என்று ஒரு இடம் விடாமல் அடித்தீர்கள். கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் மேலெல்லாம் பெயின்ட் கட்டியாக உறைந்து, துளை அடைந்துவிட்டது. அப்புறம் நீங்கள் அடித்த கிரீஸ் உள்ளேயே போகவில்லை. எருமப்பட்டிப் பண்ணையில் பாதி புல் வெட்டுவதற்குள் பேரிங் காய்ந்து அலறத் தொடங்கியது. பண்ணைக்காரர் ஓடி வந்து, "ஏனுங்க, நிறுத்துங்க, கோழியெல்லாம் மெரண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதுங்க!" என்று கத்தினார். அடுத்த வருஷத்திலிருந்து நிப்பிள் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிய பிறகுதான் பிரஷையே தொட்டீர்கள். குங்குமப் பொட்டையும் அந்த இடங்களில் மட்டுமே வைத்தீர்கள். "சாமிக்கும் ஆச்சு, அடையாளத்துக்கும் ஆச்சு" என்று நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள்.

உங்களை நான் மனதுக்குள் திட்டியதெல்லாம் கழுவுகிற நேரத்தில்தான். பகல் முழுக்க வெயிலில் ஓட்டி, இடுப்பு கழன்று வந்து இறங்குவேன். "கழுவாம ஊட்டுக்குள்ள வராத" என்று வாசலிலேயே நிற்பீர்கள். மெஷினைத் தூக்கி, இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, டிராக்டர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நீங்கள் அடியில் நுழைவீர்கள். நான் வெளியே நின்று ஓஸ் பைப்பைப் பிடிக்க வேண்டும். கத்தியோரத்துப் புல்லைச் சுரண்டிக்கொண்டே, "பேரிங் மேல பீச்சாத, தள்ளிப் புடி" என்று அதட்டுவீர்கள்.

நேருக்கு நேர் உட்கார்ந்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர் நீங்கள். அடியில் போனால் மட்டும் பேச்சு வரும். எனக்குத் தெரிவது உங்கள் இரண்டு கால்கள் மட்டும். உங்கள் மகன் ஃபோன் எடுக்காதது, உங்கள் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தாலும் ஊரானைப்போல இருப்பது எல்லாம் அந்த இரும்புக்கு அடியிலிருந்துதான் எனக்குத் தெரிய வந்தது. நான் "ம்" கொட்டுவேன். ஒரு நாள் சுரண்டுவதை நிறுத்தாமலே, "மார்ல கட்டியாட்டம் ஒண்ணு தட்டுப்படுது கண்ணு" என்றீர்கள். "எப்பருந்துங்கக்கா?" என்றேன். தண்ணீர் என் கால்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. "தண்ணிய இங்க புடி" என்றீர்கள்.

அந்தக் கட்டி உங்களைக் கொண்டுபோன பிறகும் கொஞ்ச நாள் ஓட்டினேன். கழுவவில்லை. வாசலில் மறிக்க ஆளில்லை என்றதும் அப்படியே நிறுத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். பிறகு கூப்பிட்டவர்களுக்கும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய்யும் இல்லை.

இப்போது என் வீட்டுக்காரர் முழங்கால் தேய்ந்து, போர்வெல் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். மெஷின் கிடக்கும் கோலத்தைப் பார்த்துவிட்டு, "துருப்புடிச்சுப் போறதுக்கு வித்துப்போடலாம் அம்மிணி. ராசிபுரத்துல ஒருத்தரு கேக்கறாரு, நாளைக்கு வாராரு. கழுவி மட்டும் வெச்சிரலாம்" என்றார். சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அது போனால் நன்றாகத் தூங்கலாம் என்றுதான் நினைத்தேன்.

அவரால் குனிய முடியாது. அதனால் அவர் பைப்பைப் பிடித்துக்கொள்ள, நான் முட்டுக் கொடுத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அடியில் போனேன். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. புல் அடையடையாகப் பெயர்ந்து முகத்தில் விழுந்தது. கூடவே துருவும் உதிர்ந்தது. தகடு இன்னும் ஓட்டை விழவில்லை. பாதி சுரண்டியிருப்பேன். நான் நினைக்காமலே வாய் திறந்துகொண்டது.

"ஏனுங்க, எனக்கு இத விக்க மனசில்லீங்க."

அவர் கால்கள் அசையவில்லை. "மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"மூஞ்சியப் பாத்துச் சொல்ல வரலீங்க."

"வித்துட்டா உனக்கு நிம்மதி. தெனமும் இப்படிக் கழுவோணுமே, உன்னால ஆகுமா?"

"ஆகாதுங்க. இருந்தாலும் விக்க வேண்டாங்க."

அவர் பைப்பைக் கீழே போட்டுவிட்டு ராசிபுரத்துக்காரருக்கு ஃபோன் போட்டார். "வர வேண்டாங்க, ஊட்டுல ஓட்டறாங்க" என்று அவர் சொன்னது அடியில் படுத்திருந்த எனக்குக் கேட்டது.

வெண்ணந்தூர்த் தோப்புக்காரருக்கு நாளை மறுநாள் வருகிறேன் என்று நானே சொல்லியிருக்கிறேன். இப்போதே இடுப்பு வலிக்கிறது. மெஷின் நம்மிடமே தங்கிய சந்தோஷம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை அக்கா. மறுபடி வெயில், மறுபடி தூசி, வந்து இறங்கினால் மறுபடி கழுவல். உங்களைப் போல எனக்கு அதில் ஆசையும் கிடையாது. ஆனால் அது இல்லாத வீட்டில் நான் யாரிடமும் எதுவும் பேசாமலே கிழடாகிவிடுவேன் என்று நேற்று அடியில் கிடந்தபோது தெரிந்தது.

கட்டி என்று நீங்கள் சொன்ன அன்று, உங்கள் முகம் எனக்குத் தெரியாததால் உங்களால் சொல்ல முடிந்தது. வெளியே வெளிச்சத்தில் பைப்போடு நின்ற எனக்குத்தான் வாய் வரவில்லை. "நீங்க இல்லாம என்னால முடியாதுங்கக்கா" என்று சொல்ல வந்தேன். அது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.